டோட்டல் லொஸ் வாங்கிய கார்

கொழும்பில் பிறந்து, கொழும்பிலேயே வளர்ந்து, உற்சாகம் என்ற ஒன்றை விரல் நுனியாலும் தொடாமல் வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் எங்கள் டோட்டல் லொஸ்தான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "பாத்துக்கொள்ளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போவார். பிறந்தநாள் கேக்கைக் காட்டினால், "நாளைக்கு இந்நேரம் ஐசிங் புளிச்சிரும்" என்பார். கொட்டாஞ்சேனையில் கோயில் திருவிழாவுக்கு வாணம் விடும்போது சனமெல்லாம் வானத்தைப் பார்க்கும். அவர் மட்டும் பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

நானும் அவரும் ஒரே இன்ஷுவரன்ஸ் கொம்பனியில் வேலை செய்தோம். நான் மோட்டார் பகுதியில் கிளார்க். அவர் அசெஸர். அடிபட்ட வாகனத்தை நேரில் போய்ப் பார்த்து, என்ன உடைந்தது, திருத்தலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதுவது அவர் வேலை. திருத்தும் செலவு வாகனத்தின் பெறுமதியைத் தாண்டிவிட்டால், திருத்துவதில் அர்த்தமில்லை. அதற்குப் பெயர் 'டோட்டல் லொஸ்'. மற்ற அசெஸர்மார் அந்த இரண்டு சொல்லையும் எழுதுமுன் ஒரு பிளேன்டீ குடித்து யோசிப்பார்கள். இவர் காரை விட்டு இறங்குமுன்னமே சொல்லிவிடுவார். கன்ரீனில் பருப்பு கருகினாலும் அதுதான். கிரிக்கெட்டில் நம்மவர்களின் முதல் விக்கெட் விழுந்தாலும் அதுதான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

வேகக் கார் வைத்திருக்கும் பெடியன்கள் அவரைக் கண்டால் வேறு தெருவால் போவார்கள். கார் ஒன்று காலி வீதியில் எதிலாவது முட்டினால், அவர் முதலில் முட்டிய இடத்தைப் பார்க்க மாட்டார். நடுத்தெருவில் பேப்பரை விரித்து, வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் போய்விடுவார். காலிரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செத்துப்போனது யார் என்று வழியில் போகிறவர்கள் கேட்பார்கள். உள்ளேயிருந்து குரல் வரும்; தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்பார்.

"மல்லி, இந்த சைலன்சர் கம்பெனிக்காரன் போட்டதா, நீங்க போட்டதா?"

"நான் போட்டது அங்கிள். சத்தம் நல்லா இருக்குமெண்டு."

"பொலிசி எடுக்கேக்க இதைச் சொன்னீங்களா?"

பெடியன் போனை எடுத்து அப்பாவுக்கு அடிப்பான். காருக்கு அடியிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு மட்டும் வரும்.

காரில் எதை மாற்றினாலும் இன்ஷுவரன்சுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் கட்டணம் கூடும். ஆகவே ஒருவரும் சொல்வதில்லை. சொல்லாமல் மாற்றிய காருக்கு விபத்து நடந்தால் கொம்பனி கையை விரித்துவிடும். இந்த நான்கு வசனங்களுக்குள்தான் இவருடைய உத்தியோக வாழ்க்கை முழுவதும் ஓடி முடிந்தது.

ஓய்வு பெறுவதற்கு முன் அவர் கடைசியாகப் பார்த்த கார், சுஜீவன் என்ற வெள்ளவத்தைப் பெடியனுடையது. ஜப்பானில் செய்த நீலக் கார். பின்னால் சிறகு போல, மேசை அகலத்தில் ஒரு செட்டை, இரட்டைச் சைலன்சர். அதன் இஞ்சினை அவன் இன்னும் பலமாக்கி வைத்திருந்தான். மழை பெய்த ஒரு பின்னேரம் மரீன் டிரைவில் அது வழுக்கி, ஒரு விளக்குக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டது. பெடியனுக்குக் கை முறிந்தது. வேறு ஒருவருக்கும் ஒன்றுமில்லை. காருக்கு மட்டும் முன்னாலும் பின்னாலும் ஒழுங்காக எதுவும் மிஞ்சவில்லை.

டோட்டல் லொஸ் போனார், படுத்தார், எழும்பினார், எழுதினார். திருத்த முடியாத சேதம். அத்தோடு, அறிவிக்காத மாற்றங்கள். கொம்பனி ஒரு சதமும் கொடுக்கவில்லை.

சுஜீவன் மாவுக்கட்டுப் போட்ட கையோடு எங்கள் கவுண்டருக்கு வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தோம். அவன் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அங்கிள், லீசிங் இன்னும் முடியேல்ல. இல்லாத காருக்கு நான் மாசா மாசம் கட்டவேணும். நீங்கள் மனுசனோ?"

"இல்ல மல்லி" என்றார் டோட்டல் லொஸ், மிகவும் துக்கமாக. "நான் அசெஸர்."

அடுத்த மாதம் ஓய்வு பெற்றார். அதற்கடுத்த வாரம், ஓய்வுப் பணத்தில் அந்தக் காரை வாங்கினார்.

அலுவலகமே திகைத்துவிட்டது. பழைய இரும்புக்காரன் கேட்டதைவிட நல்ல விலையைச் சுஜீவனுக்குக் கொடுத்திருந்தார். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"ரூலும் சரி, பெடியனும் சரி. ரெண்டுக்கும் நடுவுல அந்தக் கார் நிக்கிது. யாராவது எடுக்கத்தானே வேணும்" என்றார்.

அதைக் கட்டி இழுத்துக்கொண்டு கிராண்ட்பாஸில் ஒரு கராஜுக்குப் போனோம். அந்த கராஜின் சொந்தக்காரரை எல்லோரும், மேஸ்திரி என்ற பொருளில், நிஹால் பாஸ் என்பார்கள். நிஹால் பாஸ் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மாத்தையா, மேக்க ஹதன்ன பே" என்றார். ஐயா, இதைத் திருத்த முடியாது என்று அர்த்தம்.

"தன்னவா" என்றார் டோட்டல் லொஸ். அதாவது, எனக்குத் தெரியும். "வெட பட்டன் கன்ன." வேலையைத் தொடங்குங்கள்.

வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. வெளியிலிருந்து கார் வராது. பாகங்களும் ஒழுங்காக வராது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு கதவு ஒரு காரிலிருந்து வந்தது, பொனற் இன்னொன்றிலிருந்து, முன் விளக்குகள் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு கார்களிலிருந்து. சுஜீவன் பூட்டிய வேகச் சாமான்கள் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார். பின் செட்டையை மட்டும் கழற்ற முடியவில்லை. கழற்றினால் பின்பக்கம் கூடவே வந்துவிடும் என்று பாஸ் சொல்லிவிட்டார். வேலை இழுத்துக்கொண்டே போனது. இடையில் நாட்டில் பெற்றோல் இல்லாமல் போய், தெருவுக்குத் தெரு வாகனங்கள் வரிசையில் உறங்கின. அந்த நாட்களில்தான் அவர் முகத்தில் கொஞ்சம் அமைதி தெரிந்தது. "இப்ப எல்லாருடைய காரும் நம்ம கார் மாதிரிதான்" என்றார்.

கடைசியில் கார் எழும்பியது. முதல் வேலையாக அதற்கு இன்ஷுவரன்ஸ் எடுக்க நாங்கள் வேலை செய்த கொம்பனிக்கே போனார். கவுண்டரில் இருந்த பிள்ளை கணினியில் இலக்கத்தை அடித்துப் பார்த்துவிட்டு, "சேர், இது டோட்டல் லொஸ் எண்டு றிப்போட் இருக்கு. முழுக் காப்புறுதி தர ஏலாது. தர்ட் பார்ட்டி மட்டும்தான்" என்றாள். அதாவது, அவர் யாரையும் இடித்தால் இடிபட்டவருக்குக் கிடைக்கும். அவருடைய காருக்கு என்ன நடந்தாலும் ஒன்றும் கிடைக்காது.

"அந்த றிப்போட்ட எழுதினது யாரு?" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளை திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீங்கதான் சேர்."

"சரியான றிப்போட். நானாயிருந்தாலும் தரமாட்டன்" என்று தர்ட் பார்ட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அவருடைய வீடு கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள். அதற்குள் முச்சக்கரவண்டி நுழைவதே பெரும்பாடு. எனக்கு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக அடுக்குமாடியில் ஒரு வீடு. அதோடு கார் நிறுத்த ஓரிடம் உண்டு, கார்தான் இல்லை. ஆகவே கார் என்னிடம் வருவதாக முடிவாயிற்று.

கிராண்ட்பாஸிலிருந்து வெள்ளவத்தைக்கு அவர் ஓட்டிவந்த அந்தப் பயணத்தில் நான் பக்கத்து ஆசனத்தில் இருந்தேன். பறக்கப் பிறந்த கார், பிரேத ஊர்வலத்துக்குப் பின்னால் போவது போல வந்தது. சைக்கிளில் லொத்தர் சீட்டு விற்கிறவர் முந்திப் போனார். ஒரு முச்சக்கரவண்டிக்காரர் பக்கத்தில் வந்து, "அங்கிள், தள்ளிவிடவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பம்பலப்பிட்டியில் பொலிஸ் மறித்தது. வேகமாக ஓடியதற்காக மறிப்பதுதான் வழக்கம். இப்படிப்பட்ட காரை இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறவன் திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பொலிஸ்காரருக்குத் தோன்றியிருக்கிறது. ஏன் இப்படி ஊர்ந்து வருகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

"மாத்தையா, தர்ட் பார்ட்டி விதரய்" என்றார் டோட்டல் லொஸ். தர்ட் பார்ட்டி மட்டும்தான்.

பொலிஸ்காரர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தானே நடுவீதிக்குப் போய், மற்ற வாகனங்களை மறித்து, எங்களுக்கு வழி விட்டார்.

அதற்குப் பிறகு கார் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து, தன் காரைப் பார்த்துவிட்டு, மறுபடி பஸ் ஏறிப் போவார். வந்ததும் உறையைக் கழற்றுவார். கடற்காற்றில் எங்கே துரு பிடித்திருக்கிறது என்று விரலால் தடவித் தடவித் தேடுவார். கண்டுபிடித்தால் ஒரு திருப்தி. நினைத்தது நடந்துவிட்டது என்ற திருப்தி.

அங்கேதான் பரமேஸ்வரி ரீச்சர் வருகிறார். எங்கள் கட்டடத்தின் கீழ்த் தளத்தில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. பருத்தித்துறைக்காரர். கார் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே அவருடைய வீடு. சனி, ஞாயிறில் ஓ.எல். பரீட்சைப் பிள்ளைகளுக்கு டியூஷன். பிள்ளைகள் வகுப்புக்குள் போகாமல் நீலக் காரைச் சுற்றி நின்றார்கள். அதுகூடப் பரவாயில்லை. டோட்டல் லொஸ் அவர்களோடு கதைக்கத் தொடங்கினார். நீ என்னவாக வரப்போகிறாய் என்று கேட்பார். டொக்டர் என்றால், "நோயாளிட வருத்தம் தொத்தும்" என்பார். பைலட் என்றால் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார்.

ஒரு நாள் ரீச்சர் வெளியே வந்தார்.

"ஐயா, என்ர பிள்ளையளுக்கு நீங்கள் என்ன சொல்லிக் குடுக்கிறியள்?"

"உண்மையைத்தான் டீச்சர்."

"சோதினைக்கு அது வராது. தயவுசெய்து விடுங்கோ."

அதற்குப் பிறகு இருவரும் கதைக்கவில்லை. என்றாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் காரின் பொனற்றுக்குப் பக்கத்தில், ஒரு கதிரையின் மேல், மூடி வைத்த தேத்தண்ணிக் கோப்பை ஒன்று இருக்கத் தொடங்கியது. அவரும் அதைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி ரீச்சரின் வாசலில் வைத்துவிட்டுப் போவார். 

அவருடைய கண்ணில் ஏதோ பிழை என்பதை முதலில் கண்டவரும் ரீச்சர்தான். யாரோ ஒரு வான் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது காரின் வலப்பக்கக் கதவை நசுக்கிவிட்டிருந்தார்கள். உள்ளங்கை அளவு பள்ளம். டோட்டல் லொஸ் வந்து, வழக்கம் போலச் சுற்றிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று உறையைப் போட்டார். ஊசிக் கீறலையும் தவறவிடாத மனிதர். ரீச்சர் என் வீட்டுக்குப் படியேறி வந்து, "அவரைக் கண் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் சொன்னதெண்டு சொல்ல வேண்டாம்" என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து கருகிக்கொண்டு வருகிறது என்றார் டொக்டர். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். வெளியே வந்ததும், "பக்கங்கள் போயிட்டுது, நடு இருக்குது. இப்போதைக்குப் பார்ஷல் லொஸ்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

கனடாவில், ரொறொன்ரோவில் அவருக்கு ஒரே மகள். தாய் இறந்த நாளிலிருந்து வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவள். கண் விஷயம் தெரிந்ததும் விசாவையும் எடுத்துவிட்டாள். அங்கே வைத்தியம் பார்க்கலாம், வீட்டில் ஆள் இருக்கும். விசாவுக்குக் காலக்கெடுவும் இருந்தது. இவரோ, "காரை வித்திட்டுத்தான் வருவன்" என்றார்.

விற்பதற்கு அதைவிட நல்ல காலம் வராது. இறக்குமதி இல்லாததால் பழைய கார்கள் எல்லாம் தங்கம் மாதிரி ஏறியிருந்தன. இந்த வகைக் கார் இனி வராது என்று சொல்லிச் சொல்லி ஆட்கள் தேடினார்கள். விளம்பரம் போட்ட அன்றே ஒரு புரோக்கர் வந்தார், கூடவே ஒரு பல் டொக்டரையும் கூட்டிக்கொண்டு. பல் டொக்டர் காரைப் பார்த்ததும் காதலில் விழுந்துவிட்டார்.

"அக்சிடன் பட்டதா?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

"படாத இடத்தைக் கேளுங்க, சுருக்கமா முடியும்" என்றார் டோட்டல் லொஸ். "இந்த ஒரு கதவு மட்டும்தான் இதோட பிறந்தது. மற்றதெல்லாம் வேற வேற கார். நீங்க பாக்கிறது ஒரு கார் இல்ல டொக்டர், ஒரு கூட்டுக் குடும்பம். கீழ வெல்டிங் இருக்குது, நாளைக்குத் துரு பிடிக்கும். முழு இன்ஷுவரன்ஸ் ஒருத்தனும் தரமாட்டான். நீங்க விக்கப்போற நேரம் உங்களுக்கும் இதே கதைதான்."

புரோக்கர் அவரைத் தனியே கூப்பிட்டார். "அங்கிள், பொய் சொல்லச் சொல்லேல்ல. சும்மா வாயை மூடிக்கொண்டு நிண்டாலே காணும்."

"நாளைக்கு இதுல அவர் பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போவாரு. அப்ப யாரு வாயைத் திறக்கிறது?"

பல் டொக்டர் போனார். பிறகு வந்தவர்களும் போனார்கள். ஒரு தம்பதி அழாத குறையாகப் போனார்கள். ரொறொன்ரோவிலிருந்து மகள் எனக்குப் போன் எடுத்து, "அங்கிள், அப்பாவுக்கு விக்க விருப்பமில்லை, அதான் இப்பிடிச் செய்யிறார்" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பிறகு ஒரு ஞாயிறு சுஜீவன் வந்தான். கட்டாரில் வேலை செய்து, லீசிங்கைக் கட்டி முடித்து, கொஞ்சம் தடித்து, தாடி வைத்திருந்தான். முறிந்த கை சற்று வளைந்து நின்றது. காரைக் கண்டதும் அதன் பொனற்றில் கையை வைத்தான். சொந்த நாயைக் கண்ட மாதிரி.

டோட்டல் லொஸ் ஆளை அடையாளம் காணவில்லை என்று நினைத்தேன். வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினார். வெல்டிங், துரு, இன்ஷுவரன்ஸ். "முன்னம் இதை ஒரு விசர் பிடிச்ச பெடியன் வச்சிருந்து கம்பத்துல கொண்டுபோய் அடிச்சவன்" என்று முடித்தார்.

"அங்கிள், அந்த விசரன் நான்தான்."

"தெரியும் மல்லி. குரல் தெரியும்."

"நீங்கள் கேக்கிறதைத் தாறன். எனக்குத் தாங்கோ."

"உனக்குத் தரமாட்டன்."

"ஏன்? அண்டைக்கு ஏசினதுக்கோ?"

"நீ ஏசினது ஞாயம். இதை வாங்கினா நீ ஓடுவாய். பழைய மாதிரி ஓடுவாய். இந்தக் கார் இன்னொரு தரம் தாங்காது. ஓடாத ஆளுக்குத்தான் இதை விப்பன்."

சுஜீவன் வாதாடவில்லை. கொஞ்ச நேரம் காருக்குள் இருந்துவிட்டுப் போகலாமா என்று கேட்டான். இருந்தான். போகும்போது அவர் காலில் விழப் போனான். அவர் தள்ளி நின்று, "வெளிநாட்டுல வாடகைக் கார் ஓடினா சீட் பெல்ற் போடு" என்றார்.

ஓடாத ஆளுக்கு யார் வேகக் கார் விற்பது? வாங்குவதுதான் யார்? விசாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மகள் தொலைபேசியில் அழுதாள். நான் கத்திப் பார்த்தேன். அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது எதிர்க் கதவு திறந்தது. ரீச்சர் வெளியே வந்து, கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"கார் விக்கிறதெண்டு சொன்னியள். நான் எடுக்கிறன்."

டோட்டல் லொஸ் துணியைக் கீழே வைத்தார். "டீச்சர், உங்களுக்கு லைசென்ஸ் இருக்குதா?"

"இல்லை."

"ஓடத் தெரியுமா?"

"தெரியாது. ஓடாத ஆளுக்குத்தான் விப்பன் எண்டு நீங்கள்தானே சொன்னியள். வெள்ளவத்தையில என்னைவிட ஓடாத ஆளைக் காட்டுங்கோ."

பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய மனுஷியோடு தர்க்கம் செய்ய முடியுமா? அவர் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். வெல்டிங்கைச் சொன்னார், துருவைச் சொன்னார், இன்ஷுவரன்ஸைச் சொன்னார். ரீச்சர் இடையிடையே "ஓம்", "விளங்குது", "பிறகு?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். விலை பேசும் கட்டம்தான் வேடிக்கை. விற்கிறவர், இது அவ்வளவு பெறாது என்று குறைத்தார். வாங்குகிறவர், சந்தை விலை தனக்குத் தெரியும் என்று கூட்டினார். இருவரும் ஒருவரையொருவர் நட்டப்படுத்தப் போராடினார்கள். ரீச்சர் வென்றார்.

கையெழுத்துப் போட்டதும் ரீச்சர் சொன்னார்: "இப்ப கார் வித்தாச்சு. போய் உங்கட கண்ணைப் பாருங்கோ."

அவர் கார் சாவியைச் சட்டையில் துடைத்து ரீச்சரிடம் கொடுத்தார். 

போனார். ரொறொன்ரோவில் ஒரு கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றதில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிஞ்சியது, அதுவும் புகை மாதிரி. ஞாயிறு பின்னேரங்களில் என் போனுக்கு வீடியோவில் வருவார். அவருக்கு அங்கே காலை. படத்தில் பெரும்பாலும் அவருடைய காதுதான் தெரியும். பனிக்கு வீதியில் உப்புப் போடுகிறார்கள், கார்களெல்லாம் அடியில் உக்குகின்றன, கேட்க ஆளில்லை என்று முறைப்பாடு சொல்வார். நான் போனோடு கீழே இறங்குவேன், ரீச்சர் காருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார். வாரத்துக்கொரு முறை சாவியைத் திருப்பி இஞ்சினைச் சூடாக்கும் பழக்கத்தையும் எடுத்திருந்தார். கணித ஆசிரியை அந்த ஆசனத்தில் நிமிர்ந்து இருப்பதைப் பார்க்க மேல்மாடிச் சனங்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

போன பருவ மழையில், பக்கத்துக் காணியில் மாடி எழுப்பிக்கொண்டிருந்தவர்களின் மதில் சரிந்து காரின்மேல் விழுந்தது. நல்ல வேளை, பிள்ளைகள் வகுப்பு முடிந்து போயிருந்தார்கள். கட்டடக்காரர்களின் ஆள் குடையோடு வந்து பார்த்துவிட்டு, இது கடவுளின் செயல், தாங்கள் பொறுப்பில்லை என்றார்.

"மதிலைக் கட்டினது கடவுளோ?" என்று கேட்டார் ரீச்சர். அந்த ஆள் இன்றுவரைக்கும் பதிலோடு வரவில்லை. தர்ட் பார்ட்டி இன்ஷுவரன்சில் எங்களுக்கு ஒன்றும் கிடையாது. நான் எழுதாத இடமில்லை. எங்கும் ஒன்றும் அசையவில்லை.

ஞாயிறு வந்தது. அவருக்குச் சொல்ல வேண்டாம், தெரியவா போகிறது என்றேன். ரீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். போன் வந்ததும் தானே சொன்னார்.

"உங்கட காருக்கு மேல மதில் விழுந்திட்டுது."

திரையில் அவருடைய காது இன்னும் கிட்ட வந்தது. பிறகு, "பிள்ளைகளுக்கு அடிபட்டுதா?"

"இல்லை."

"உங்களுக்கு?"

"இல்லை. நான் கவனமாப் பாத்துக்கொள்ளுவன் எண்டு சொல்லித்தான் வாங்கினனான்." ரீச்சரின் குரல் அங்கே உடைந்தது. ஒரே கட்டடத்தில் இத்தனை வருடம் இருந்தும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"டீச்சர், அழ வேணாம். நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. முன் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் தூண் மாதிரி நிக்கும், அது நேரா நிக்கிதா?"

ரீச்சர் கையால் தடவிப் பார்த்தார். "ரெண்டும் உள்ளுக்கு மடிஞ்சு போச்சு."

"கதவு திறபடுதா?"

"இல்லை."

"கூரை சீட்டைத் தொடுதா?"

"தொடுது."

நான் அந்த மனிதரோடு பல வருடம் ஒரே பகுதியில் இருந்தவன். இந்த மூன்று பதிலுக்கும் அவர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். இதைவிடச் சின்னச் சேதத்துக்கே எத்தனை பேர் முகத்துக்கு நேரே அதைச் சொல்லியிருக்கிறார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"திருத்தலாம்" என்றார்.

"உண்மையாவோ?"

"நான் அசெஸர் டீச்சர். திருத்தலாம். பாஸிட்டக் குடுங்க."

கார் மறுபடியும் கிராண்ட்பாஸுக்குப் போயிற்று. நிஹால் பாஸ் இம்முறை காரைச் சுற்றி வரவில்லை. தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். இப்போது இறக்குமதி திறந்துவிட்டது. புதிய கார்கள் வந்து இறங்குகின்றன. பழைய கார்களின் விலை சரிந்துவிட்டது. கணக்குப் பார்த்தால் இந்த வேலைக்கு அர்த்தமே இல்லை. கணக்கு ரீச்சருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும், அவர் பார்க்கவில்லை.

பெயின்ற் அடிக்கும் கட்டம் வந்தபோது, பழைய நீலம் கிடைக்கவில்லை, வேறு என்ன நிறம் என்று பாஸ் கேட்டார். ரீச்சர் ரொறொன்ரோவுக்குப் போன் எடுத்து அவரிடம் கேட்டார். "எதையாவது அடியுங்க டீச்சர். எனக்கு எல்லாம் ஒண்டுதான். இங்க இந்த ஸ்கூல் பஸ் போகும், அது ஒண்டுதான் கண்ணுக்குத் தெரியிது. மஞ்சள்."

வெள்ளைச் சேலையைத் தவிர வேறு நிறம் கட்டாத ரீச்சர், அடுத்த நாள் முச்சக்கரவண்டி பிடித்துக் கிராண்ட்பாஸுக்குப் போய், மஞ்சள் என்று சொல்லிவிட்டு வந்தார். எந்த மஞ்சள் என்று பாஸ் கேட்டதற்கு, உள்ளதுக்குள்ளே கண்ணைக் குத்துகிற மஞ்சள் என்றாராம்.

போன ஞாயிறு நாங்கள் இருவரும் கராஜுக்குப் போயிருந்தோம். பூச்சுக் காய்ந்து கார் வெயிலில் நின்றது. அப்படியொரு மஞ்சளை நான் வாகனத்தில் கண்டதில்லை. தெருவில் போன சனம் நின்று பார்த்தது. அவருடைய வீடியோ கோல் வந்தது. நான் போனைத் திருப்பிக் காரின் பக்கம் பிடித்தேன். ரீச்சர் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"தெரியுதோ?" என்று கேட்டார் ரீச்சர்.

அவர் திரையைக் கண்ணுக்கு மிகக் கிட்டக் கொண்டுபோனார். எங்களுக்கு அவருடைய ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. வெகு நேரம் அது அசையவில்லை.

"தெரியிது. மஞ்சள் தெரியிது" என்றார். "நடுவுல வெள்ளையா ஒண்டு நிக்கிதே, அது என்ன?"

"அது நான்தான். மறைக்கிறனோ? தள்ளட்டோ?"

"வேணாம் டீச்சர். கொஞ்ச நேரம் அப்பிடியே நில்லுங்க."

ரீச்சர் நின்றார். எனக்குக் கை நொந்தது. போனை இறக்க மனம் வரவில்லை.